ஏழு சோபாவுக்கும் எட்டு மார்க்

போன மாதம் ஒரு புதன்கிழமை, அவிநாசி ரோட்டில் ஒரு சோபா கடையில், ஒரே நாற்காலியின் லீவரை முப்பத்தோரு முறை இழுத்தேன்.

முப்பத்திரண்டாவது முறை இழுப்பதற்குள் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாக அல்ல. நாடி பார்க்கிற மாதிரி.

"ஐயா... போதுங்கய்யா. இது டிஸ்ப்ளே பீஸுங்க."

"எங்க வீட்டுல ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாச்சும் இழுப்போங்க. வருஷத்துக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. இங்க முப்பதே தாங்கலைன்னா எப்படிங்க?"

"சேர் தாங்குமுங்க. நாந்தான் தாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பெயர் ரபீக். ஐம்பது வயதிருக்கும். கோட்டைமேட்டுக்காரர். சோபா தொழிலில் முப்பது வருஷம் பழக்கம். அன்றைக்கு என்னைச் சமாளித்ததைப் பார்த்தால் முப்பதுக்கு மேலேயே இருக்கும் என்று தோன்றுகிறது.

நான் இப்படித்தான். உங்களில் பலருக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நூலைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன். நூல் வரும். இழுப்பேன். அறும். எந்த எடையில் அறுந்தது என்று எழுதுவேன். அறுகிறவரை இழுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரிட்டயர்டு ஆகிப் பதினாறு வருஷமாகியும் கை நிற்கவில்லை.

ஆனால் அன்றைக்கு இழுத்தது பழக்கதோஷத்தால் மட்டும் அல்ல. பயத்தாலும்தான்.

என் மனைவி சரஸ்வதிக்கு அறுபத்தெட்டு வயது. ஆரம்பப் பள்ளி டீச்சர். முப்பத்து மூன்று வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தினாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்ததாம். அதில் சாக்பீஸ் டப்பாதான் உட்கார்ந்திருக்குமாம். நின்ற கால் இப்போது பழி வாங்குகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஒரு ரூபாய்க் காசு அளவு. சர்க்கரை இல்லை. ரத்தக்குழாய்க் கோளாறு என்றார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை கட்டு மாற்றுகிறோம். புண் வளரவும் இல்லை, மூடவும் இல்லை. இருபத்துநாலு மில்லிமீட்டரிலேயே நிற்கிறது.

டாக்டர் இளம் பெண். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"காலைத் தொங்கவிட்டா இது ஆறாதுங்கம்மா. பகல்ல மொத்தமா நாலு மணி நேரம் தூக்கி வெச்சிருக்கணும். ஆறு வாரம் பாக்கலாம். அப்பவும் மூடற மாதிரி தெரியலைன்னா தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரும்."

ஆட்டோவில் வீடு திரும்பினோம். சிங்காநல்லூர் வரும்வரை ஏழு சிக்னல். ஏழிலும் சரஸ்வதி பேசவில்லை. எங்கள் கேட்டுக்கு முன்னால் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தொடையில இருந்துங்ளா...?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவள் பேசவே இல்லை. எனக்குத்தான் அந்த அரை வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை.

காலைத் தூக்கி வைக்க ஒரு நாற்காலி எதற்கு, கட்டிலில் படுக்கலாமே? நானும் கேட்டேன். "பகல்ல கட்டல்ல படுத்தா வரவங்க போறவங்க எல்லாம் நா பெரிய சீக்காளின்னு முடிவு பண்ணிருவாங்க" என்றாள். தவிர, படுக்கையறை வீட்டின் பின்பக்கம். அங்கிருந்து கேட் தெரியாது. காய்கறி வண்டி தெரியாது. டிவி தெரியாது. ஹாலில் பழைய சோபாவுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டேன். காலை அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும் என்று. அது எப்போது பார்த்தாலும் சோபாவுக்கு அடியில் போய்க் கிடந்தது. யார் தள்ளியது? வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஈரோட்டிலிருந்து எங்கள் மகள் கவிதா போன் செய்தாள்.

"அப்பா, ஒரு ரிக்ளைனர் வாங்கிப்போடுங்க. பட்டனை அமுக்குனா காலு தன்னால மேல வந்துரும். அம்மா ஹால்லயே உக்காந்துக்கலாம். ஆனா ஒண்ணு... கடையில போயி நூறு கேள்வி கேக்காதீங்க."

நூறெல்லாம் கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போனது இருபத்தேழுதான்.

ரிக்ளைனர் வாங்கப் போயிருக்கிறீர்களா? போகும்போது தெளிவாகப் போவீர்கள். மூன்றாவது கடையிலிருந்து வெளியே வரும்போது வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்திருக்கும்.

கையால் இழுக்கிற லீவரா, முதுகால் தள்ளினால் சாய்கிறதா, மோட்டாரா? ஆடுமா, சுற்றுமா? ஒருவர் உட்காருவதா, இருவரா, மூவரா? முதல் கடையில் "தோல்தான் சார், இருபது வருஷத்துக்கு அசையாது" என்றார்கள். இரண்டாவது கடையில் "நம்மூரு வெயிலுக்குத் தோல் முதுகுல ஒட்டிக்கும் சார், துணிதான்" என்றார்கள். மூன்றாவது கடையில், தோல் மாதிரி ஆனால் தோல் இல்லாத ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது இருக்கிறது. மூன்றே வருஷத்தில் வெங்காயம் மாதிரி உரிந்துவிட்டது.

ஃபோம் கதை அதற்கும் மேலே. அடர்த்தி முப்பத்திரண்டு போதும் என்றார் ஒருவர். நாற்பதுக்குக் குறைந்தால் ஆறே மாதத்தில் பள்ளம் விழும் என்றார் இன்னொருவர். "அடர்த்தியெல்லாம் பழைய பேச்சு சார், இப்ப மெமரி ஃபோம்" என்றார் மூன்றாமவர். நினைவாற்றல் உள்ள ஃபோமாம்! நான் உட்கார்ந்ததை அது ஏன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

இத்தனை குழப்பத்திலும் நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அழகு மேலே, ஆயுள் கீழே. சட்டம் எந்த மரம், இரும்பு எவ்வளவு கனம், எத்தனை ஸ்க்ரூ என்பது அங்கேதான் தெரியும். நேராக உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும். அப்போதுதான் வயதானவர்கள் யார் கையையும் பிடிக்காமல் எழ முடியும். சாய்ந்தால் முதுகுப்பக்கம் சுவரில் இடிக்குமா என்று அளந்து பாருங்கள். உட்கார்ந்த உடனே முடிவு செய்யாதீர்கள். பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிஷத்துக்கு எல்லா நாற்காலியும் நல்ல நாற்காலிதான்.

லீவர் வைத்ததில் ஒரு சிக்கல் இருந்தது. காலை மேலே கொண்டுவருவது சுலபம். இறக்க வேண்டுமானால் கெண்டைக்காலால் ஓங்கி அமுக்க வேண்டும். அதாவது, புண் இருக்கிற காலால். முப்பத்தோரு முறை இழுத்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஆக, மோட்டார்தான்.

இது என் பக்கத்துக் கதை. சரஸ்வதி பக்கத்துக் கதை வேறு.

மூன்று கடை, ஏழு ரிக்ளைனர். ஏழிலும் அவளை உட்காரவைத்தேன். கோயில் மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பவளைப் போல விளிம்பில் உட்கார்ந்தாள். கைப்பை மடியில்.

"எப்படி இருக்கு சரசு?"

"நல்லா இருக்குதுங்க."

"பத்துக்கு எத்தனை மார்க்?"

"எட்டுப் போடுங்க."

அடுத்தது. "நல்லா இருக்குதுங்க. எட்டு." அதற்கடுத்தது. "எட்டு." நாலாவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அதுக்கும் எட்டு, இதுக்கும் எட்டு. அது கல்லு மாதிரி இருந்துச்சு, இது பஞ்சு மாதிரி இருக்குது. ரெண்டும் எப்படி ஒரே மார்க் வாங்கும்?"

குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசுங்க. அவரு இத்தனை நேரம் நின்னு ஒவ்வொண்ணாக் காட்டறாரு. மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்லச் சொல்றீங்ளா?"

"பள்ளிக்கூடத்துலயும் எல்லாப் பசங்களுக்கும் எட்டுத்தான் போட்டியா?"

"இல்லீங்க. அழுகற பசங்களுக்கு ஒம்பது."

பக்கத்தில் நின்ற ரபீக் திரும்பிக்கொண்டு சிரித்தார். பிறகு, "அம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க, காலைத் தூக்கிக் காட்டறேன்" என்று பட்டனை அமுக்கினார். ஜ்ர்ர்ர் என்று கால்பலகை எழுந்தது. சரஸ்வதி பதறிப்போனாள்.

"போதுங்க, போதுங்க... பாத்தாச்சுங்க!"

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு காலைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டாள். ஏழு நாற்காலியிலும் இதே கதை. நான் சும்மா இருப்பேனா? கால் எத்தனை விநாடி மேலே இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டேன். நாலு, மூன்று, நாலு, ஐந்து, நாலு, மூன்று, நாலு. மொத்தம் இருபத்தேழு விநாடி. என் கேள்விகளும் இருபத்தேழு என்று அப்போது பெருமையாக நினைத்தேன். எழுதியவன் நான். அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று படித்துப் பார்க்காதவனும் நான்தான்.

கடைசியில் ரபீக் கடையில்தான் வாங்கினோம். மோட்டார், அரக்கு நிறத் துணி, அடியில் கனமான இரும்பு. வழியனுப்பும்போது அவர் ஒன்று சொன்னார்.

"ஐயா, கரண்ட் போனா இது எப்படி நிக்குதோ அப்படியே நின்னுரும். இன்வெர்ட்டர் லைன் வர்ற ப்ளக்குல குடுத்துக்குங்க. மறந்துராதீங்க."

எங்கள் ஹாலில் அந்தப் பக்கத்துப் ப்ளக் இன்வெர்ட்டரில் இல்லை. 'எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்' என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருமே... அது எனக்கு வந்துவிட்டது.

நாற்காலி வந்து இறங்கியது. எங்கள் ஹால் பதினாலடிக்குப் பதினோரடி. தெற்குச் சுவரில் டிவி. டிவிக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே என் பிரம்பு நாற்காலி. அதற்குப் பக்கத்தில் வாசல் கதவு. பழைய சோபாவை வெளியேற்றிவிட்டு, எதிரே வடக்குச் சுவரோரம் ரிக்ளைனரைப் போட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஏழடி. நேருக்கு நேர். பேசிக்கொள்ள வசதி என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டது நாலு மணி நேரம். இருநூற்று நாற்பது நிமிஷம். முதல் நாள் சரஸ்வதி காலைத் தூக்கி வைத்திருந்தது இருபத்திரண்டு நிமிஷம். இரண்டாம் நாள் பதினேழு. மூன்றாம் நாள் ஐம்பது. அன்றைக்கு நான் பேங்குக்குப் போயிருந்தேன்; திரும்பி வந்து கேட்டபோது அவளே சொன்ன கணக்கு. நாலாம் நாள் மறுபடியும் பத்தொன்பது.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"கால்பலகை உறுத்துதா?"

"நல்லா இருக்குதுங்க."

எட்டு மார்க் பேச்சு!

ரபீக்குக்குப் போன் போட்டேன். மறுநாளே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கவிழ்த்துப் பார்த்தார், மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், ஸ்க்ரூவெல்லாம் முடுக்கினார். பிறகு தானே ஏறி உட்கார்ந்தார். பட்டனில் விரல் வைத்தவர், எதிரே நின்ற என்னைப் பார்த்தார்.

"ஐயா, சித்த அக்கட்டால வந்து நில்லுங்க."

நகர்ந்து நின்றேன். அப்புறம்தான் காலைத் தூக்கினார். மோட்டாருக்கு இடம் வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எவ்வளவு படித்திருந்தும் சில சமயம் மூளை இப்படித்தான்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்கய்யா. அம்மாவுக்குத்தான் புடிக்கலையோ என்னமோ?"

"எட்டு மார்க் போட்டாங்களே."

"எல்லாத்துக்கும் எட்டுங்களே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒரு புதுத் தகவல் கிடைத்தது. நான் கடைக்குப் போய்விட்டு வந்து கேட்டைத் திறந்தால், உள்ளேயிருந்து ஜ்ர்ர்ர் என்று சத்தம் கேட்கும். கேட்டிலிருந்து கதவுக்குப் பத்தொன்பது அடி வைக்க வேண்டும். கால்பலகை மேலிருந்து முழுக்க மடங்கப் பதிமூன்று விநாடி. நான் செருப்பைக் கழற்றி உள்ளே போகும்போது சரஸ்வதி நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் நடக்காத மாதிரி. சந்தேகம் தீர, சும்மாவே மூன்று தடவை கேட் வரை போய்த் திரும்பினேன். மூன்று தடவையும் ஜ்ர்ர்ர்.

அப்படியானால்... நான் இல்லாதபோது காலை நீட்டுகிறாள். நான் வந்தால் மடக்குகிறாள். ஏன்?

நான் நிமிஷம் எண்ணுவது பிடிக்கவில்லையோ? நோட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். மாற்றமில்லை. நியூஸ் சத்தம் தொந்தரவோ? டிவியை அணைத்தேன். மாற்றமில்லை. என்மேல் ஏதாவது கோபமா? அப்படியும் தெரியவில்லை. காபி நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கட்டு மாற்றும்போது நர்ஸ் அளவெடுத்தார். இருபத்துநாலு மில்லிமீட்டர். ஆறு வாரத்தில் மூன்று வாரம் கரைந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. திரும்பும் வழியில் அந்த ஏழு சிக்னலையும் நான் எண்ணவில்லை. அதிலிருந்தே என் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

மறுநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கேட் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் கருமத்தம்பட்டி சம்பந்தி. கவிதாவின் மாமனார். எழுபத்தாறு வயது. பதினாறு தறி ஓட்டுகிறவர். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். சரஸ்வதியின் காலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

உள்ளே ஜ்ர் என்று ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஃபேனும் நின்றது, தெருமுனை மாவு மில்லும் நின்றது.

கரண்ட் போய்விட்டது!

பதினெட்டுப் படி. நான் இறங்கி ஓடிவந்தபோது ஹாலில் கண்ட காட்சியை என்ன சொல்ல? கால்பலகை மேலேயே நிற்கிறது. வாசலுக்கு நேராக சரஸ்வதியின் இரண்டு உள்ளங்கால்களும். வாசலில் சம்பந்தி, பழத்தைப் பிடித்தபடி, எங்கள் வீட்டு உத்தரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சரஸ்வதி பட்டனைக் குத்துகுத்தென்று குத்திப் பார்த்துவிட்டு, கைப்பிடிமேல் ஏறி இறங்கப் பார்க்கிறாள்.

"வாங்கண்ணா... வாங்க... தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தக் கரண்டு... சேரு எறங்க மாட்டேங்குதுங்க..."

"ஐயோ அம்மணி, உக்காருங்க, உக்காருங்க! நா என்ன புலியா வந்துபோட்டேன்?"

அதற்குள் கால்பலகையின் ஓரத்தில் கட்டு சிக்கியது. "ஸ்ஸ்" என்றாள். வெள்ளைக் கட்டில் மிளகளவு சிவப்பு. ஓடிப்போய்ப் பிடித்தேன். அவளோ என் கையைத் தள்ளிவிட்டு இன்னும் இறங்கத்தான் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர். வலியாலா, வெட்கத்தாலா, எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தி பழத்தை டிவி மேஜைமேல் வைத்தார். என் பிரம்பு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். ஹாலைத் தாண்டிக் கொண்டுபோய், ரிக்ளைனருக்குப் பக்கத்தில், அது பார்க்கிற திசையையே பார்த்துப் போட்டார். உட்கார்ந்தார். துண்டை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"இப்ப சரியாப் போச்சுங்க. நீங்க பாட்டுக்கு நீட்டிக்குங்க அம்மணி. பேரன் என்ன சொல்றான்? போன்ல பேசுனானா?"

சரஸ்வதி ஒரு விநாடி அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தாள். கால் பலகைமேல் போனது. அங்கேயே இருந்தது!

இரண்டு பேரும் அணைந்துகிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். பேரன் படிப்பு, தறிக்கு ஆள் கிடைக்காதது, கவிதா வைக்கிற கொள்ளு ரசம். நான் டிவிக்கு முன்னால், நடு ஹாலில், ஒன்றும் புரியாமல் நின்றேன். சம்பந்திதான் என்னைக் கவனித்தார்.

"ஏனுங்க சம்மந்தி, நீங்க எதுக்கு அங்க எதுத்தாப்ல நின்னுட்டு? இக்கட்டால வாங்க. அம்மணி காலை நீட்டிட்டு இருக்கறாங்கல்ல."

அப்போதுதான் உறைத்தது. முக்காலி ஏன் சோபாவுக்கு அடியில் போனது. நாலு, மூன்று, நாலு, ஐந்து ஏன் வந்தது. ரபீக் ஏன் என்னை நகரச் சொன்னார். ஜ்ர்ர்ர் ஏன் கேட்டது. நேரே எதிரில் ஒரு மனுஷன் இருக்கும்போது காலை நீட்டுவதா? நம் பக்கத்தில் யார் நீட்டுவார்கள்? எனக்கே தெரிந்த விஷயம்தானே. என் மாமனார் எதிரில் நான் என்றைக்காவது நீட்டியிருப்பேனா?

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் சம்பந்தி இருந்தார். நடுவில் கரண்ட் வந்தது. அப்போதும் சரஸ்வதி காலை இறக்கவில்லை. அவர் கிளம்பிப் போனதும் கேட்டேன்.

"நான் எதுத்தாப்ல உக்காந்ததுதான் உனக்குச் சங்கடமா?"

"பின்னே? உங்க மூஞ்சிக்கு நேரா ரெண்டு காலையும் நீட்டிப்போட்டு, நீங்க காபி குடிக்கறதைப் பாத்துட்டு இருக்கச் சொல்றீங்ளா? நாப்பத்தி மூணு வருசத்துல ஒருநா நீட்டியிருப்பனா?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். இல்லை. ஒரு நாளும் இல்லை.

"டாக்டரே சொன்னாங்களே."

"டாக்டர் காலைத் தூக்கச் சொன்னாங்க. யாருக்கு நேராத் தூக்கறதுன்னு சொல்லலைங்களே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சேரை நகத்தியிருப்பேனே..."

"அதுக்குத்தான் சொல்லலை. ஃபேனுக்கு அடியில இருபது வருசமா உக்காந்துட்டு இருக்கறீங்க. நகந்தா உங்களுக்குக் காத்து வராதுங்க. வேர்த்தா உங்களுக்குத் தூக்கம் வராது. அப்பறம் அதையும் எண்ணுவீங்க, எத்தனை மணிக்கு முழிச்சேன்னு."

எனக்குக் காற்று வர வேண்டும் என்பதற்காக ஒருத்தி தன் தொடைத் தோலைப் பணயம் வைத்திருக்கிறாள். நான் ஃபோமின் அடர்த்தியைக் கேட்டுக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன்.

அன்று மதியமே டேப்பை எடுத்தேன். குழப்பம் தீர்ந்ததா? எங்கே! ரிக்ளைனரைக் கிழக்கே திருப்பினால் சாமி ரூம். "சாமிக்கு நேராவா?" என்றாள். வடக்கே திருப்பினால் என் அப்பாவின் போட்டோ. "மாமாவுக்கு நேராவா?" மேற்கே சமையலறைக் கதவு. டிவியும் தெரியாது, வாசல் கேட்டும் தெரியாது. தெற்கே டிவி சரி, பக்கத்தில் வாசல். நாலு சுவர்தான் ஒரு ஹாலுக்கு. நாலிலும் யாரோ இருக்கிறார்கள்.

கடைசியில் ரிக்ளைனரை ஒன்றரை அடி தள்ளி, வாசல் நேரில் வராமல் டிவி மட்டும் நேரில் வரும்படி போட்டோம். டிவியில் வருகிறவர்களுக்கு மரியாதை தேவையில்லையா என்று கேட்டேன். "அவிய நம்மளப் பாக்கறதில்லீங்களே" என்றாள். என் பிரம்பு நாற்காலி அவளுக்கு இடதுபக்கம் வந்துவிட்டது. விருந்தாளிகளுக்கென்று உள்ளறையிலிருந்து மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து வலதுபக்கம் வரிசையாகப் போட்டோம். இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், எல்லோரும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் சிரமப்படுகிறார்கள். பிறகு பழகிவிடுகிறது. எலக்ட்ரீஷியனும் ஒருவழியாக வந்து ப்ளக்கை இன்வெர்ட்டரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

நோட்டை பீரோவிலிருந்து எடுத்தேன். நூற்றுத் தொண்ணூறு நிமிஷம். இருநூற்றுப் பத்து. இருநூற்று நாற்பத்தைந்து. ஒரு நாள் தூங்கியே போய்விட்டாள், முந்நூற்றுப் பன்னிரண்டு!

போன வெள்ளிக்கிழமை நர்ஸ் அளவெடுத்தார். பதினெட்டு மில்லிமீட்டர். டாக்டர் குனிந்து பார்த்தார். "ஓரத்துல இருந்து மூடிட்டு வருதுங்கம்மா. தோல் ஒட்டற பேச்சை இப்போதைக்கு விட்டுரலாம். இதே மாதிரி நீட்டிட்டு இருங்க" என்றார். சரஸ்வதி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாலேயே 'எழுதிக்கிட்டீங்ளா?' என்று கேட்டாள். எழுதிக்கொண்டேன்.

ஆகவே, ரிக்ளைனர் வாங்கப் போகிறவர்களே, என் இருபத்தேழு கேள்விகளோடு இருபத்தெட்டாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் நீட்டுகிறவருக்கு எதிரே யார் உட்காரப்போகிறார்கள்? இதைக் கடையில் கேட்க முடியாது. வீட்டில்தான் கேட்க வேண்டும். அதற்கும் 'நல்லா இருக்குதுங்க' என்றுதான் பதில் வரும். கொஞ்சம் விடாமல் கேளுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு குறை. டிவி பார்க்கும்போது அவள் முகம் எனக்குத் தெரிவதில்லை. கால்தான் தெரிகிறது. நேற்று அப்படித்தான் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் வழிந்ததைத் துண்டால் துடைத்தேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த எடத்துல காத்து வருதுங்ளா?"

"ம்... நல்லா இருக்குது."

"பத்துக்கு எத்தனை?"

"எட்டு" என்றேன்.

உண்மையில், மூன்று.